சிபி தன் கையால் கட்டிய கணினி

மனித குலத்தை எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். பாவி, பரிசுத்தவான் என்று பிரித்தார்கள். உள்ளவன், இல்லாதவன் என்று பிரித்தார்கள். இவையெல்லாம் மேலோட்டமான பிரிவுகள் என்பது சிபியின் முடிவு. உண்மையில் மனிதர்கள் இரண்டே வகை. கணினியைப் பாகம் பாகமாகத் தேர்ந்தெடுத்துத் தன் கையால் சேர்த்துக் கட்டுகிறவர்கள் ஒரு வகை. கடைக்காரன் கட்டிவைத்ததைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையாருக்கு ஆளுமை உண்டு. இரண்டாம் வகையாருக்கு பில் மட்டும் உண்டு.

இந்தத் தத்துவத்தைப் பாறசாலை வட்டாரத்தின் எல்லா டீக்கடைகளிலும் அவன் நிலைநாட்டியிருந்தான். நிலைநாட்டிய காலத்தில் அவனிடம் இருந்தது ஒன்பது வருடப் பழைய லேப்டாப் ஒன்றுதான். அதில் ஸ்பேஸ் பட்டன் வேலை செய்யாது. ஆகவே அவன் தட்டி அனுப்பும் செய்திகளில் சொற்கள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும். கணினி எதையும் அவன் அதுவரை கட்டியதில்லை.

அதனால் அவன் பெயருக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. தனுவச்சபுரத்தில் ஒரு டியூஷன் சென்டரில் காமர்ஸ் எடுப்பது அவன் தொழில். 'சிஸ்டம் சிபி' என்பது அவன் புகழ். பாறசாலையிலிருந்து குளத்தூர் வரைக்கும் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தாலும் அவனுக்குத்தான் அழைப்பு வரும். வருவான், உட்காருவான், சாயா குடிப்பான், நெற்றியைச் சுருக்குவான். பிறகு, "இத ஃபார்மேட் பண்ணணும்" என்பான். பதினைந்து வருடமாக ஒரே வைத்தியம். இந்த வைத்தியத்தில் மூன்று கல்யாண ஆல்பங்களும் ஒரு ஞானஸ்நான வீடியோவும் அழிந்துபோயின. ஆனால் அழிந்த பிறகு அந்தக் கம்ப்யூட்டர்கள் வேகமாக ஓடின. அதை யாரும் மறுக்க முடியாது.

அப்படிப்பட்டவன் வீட்டுக்கே ஒரு கேமிங் கம்ப்யூட்டர் தேவைப்பட்டது. தேவை அவனுக்கல்ல, மனைவி பின்சிக்கு.

பின்சி நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறவள். அவள் குத்தினால் குழந்தைகூட அழாது என்று பெயர். வீட்டுக்கு வந்தால் துப்பாக்கி எடுப்பாள். இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர், அவரவர் வீட்டிலிருந்து திரையில் சுட்டுக்கொள்ளும் விளையாட்டு அது. அவள் அணிக்கு 'செக்போஸ்ட்' என்று பெயர். தலைவி நீது, கல்லூரியில் படிக்கிறவள். மற்ற மூவரைப் பின்சி நேரில் கண்டதே இல்லை. குரல் மட்டும் பழக்கம். பெண்கள் அணிகளுக்கென்று நடந்த ஒரு போட்டியில் செக்போஸ்ட் கடைசி எட்டுக்குள் வந்துவிட்டது. அடுத்த சுற்று, அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு.

அதுவரை அவள் விளையாடியது சிபியின் லேப்டாப்பில். எதிரி வந்து, சுட்டு, திரும்பிப் போய், ஒரு சாயாவும் குடித்து முடித்த பிறகுதான் அவளுடைய திரையில் தலை காட்டுவான்.

"பின்சியக்கா, நல்லதுபோல ஒரு சிஸ்டம் பாருங்க," என்று நீது ஹெட்செட்டில் சொன்னாள். "இனி வாற சுற்றுல ரூல் உண்டு. ஒரு ஆட்டத்துல ரெண்டு தடவ லைன் போனா அந்த ஆட்டத்துல ஆளு வெளிய. மாத்தாளும் கெடையாது. எனக்கும் வேற ஒருத்திய கண்டுபிடிக்க மனசில்ல, கேட்டீங்களா?"

கடைசி வாக்கியத்தில் இருந்த அன்பும் மிரட்டலும் பின்சிக்குப் புரிந்தன. லேபில் அதிக நேரம் நின்று அவள் சேர்த்துவைத்த பணம் இருந்தது. மறுநாளே வேலை முடிந்து ஒரு கடைக்குப் போய், கட்டி முடித்து வைத்திருந்த ஒரு பெட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். விளையாடியும் பார்த்தாள். பிடித்தது. வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் அவள் வீட்டில் சொல்லிவிட்டு வாங்கலாம் என்று நினைத்தாள்.

சிபியின் அப்பா ராபின்சன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அதைவிட முக்கியமாக, சபைக் கமிட்டியில் பன்னிரண்டு வருடம் செயலாளராக இருந்தவர். பதவி போனது, பழக்கம் போகவில்லை. வீட்டில் மிக்சி மாற்றுவதானாலும் கூட்டம் கூடும். பிரேரணை, வழிமொழிதல், தீர்மானம் எல்லாம் உண்டு. நடவடிக்கைப் புத்தகமும் உண்டு. ஞாயிறு மத்தியானம் மீன்குழம்பு முடிந்து, மேஜையைத் துடைத்த கையோடு அவர் தொண்டையைக் கனைத்தார்.

"வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்குக காரியம். ரெண்டு அபிப்பிராயம் உண்டு. மோளே, நீ மொதல்ல சொல்லு."

"நான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன், மாமா. எல்லாம் சேத்து ரெடியா இருக்கு. மூணு வருஷம் கேரண்டி. சனிக்கெழம எடுத்தா ஞாயித்துக்கெழம வெளையாடலாம்."

"ஞாயித்துக்கெழமையா?" என்றாள் மாமியார் ஆனந்தபாய்.

"கோயிலுக்குப் போயிட்டு வந்து, மாமி."

சிபி எழுந்து நின்றான். உட்கார்ந்து சொல்லக்கூடிய விஷயமாக அவனுக்கு அது படவில்லை.

"ரெடிமேடு," என்றான். அந்தச் சொல்லைச் செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல உச்சரித்தான். "ஒரு மனுசன் சொந்தக் கல்யாணத்துக்கு ரெடிமேடு கோட்டு போடுவானா?"

"நீங்க போட்டது வாடகைக் கோட்டாக்கும்," என்றாள் பின்சி.

"அது வேற விசயம். நான் கேக்கேன், அந்தப் பெட்டிக்க உள்ள என்ன எஸ்.எம்.பி.எஸ். வச்சிருக்கான்னு உனக்குத் தெரியுமா?"

கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். சிபி ஒரு விவாதத்தில் தோற்கத் தொடங்கும்போதெல்லாம் அதை எடுத்து வீசுவான்.

"தெரியாது," என்றாள் பின்சி.

"பின்ன? உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எப்படி வாங்குவ?"

"உங்களுக்க தலைக்குள்ள என்ன இருக்குன்னும் எனக்குத் தெரியாது. கெட்டிக்கிட்டேன் இல்லியா?"

ஆனந்தபாய் வாயைச் சேலையால் மூடிக்கொண்டாள். ராபின்சன் அமைதி காக்கும்படி மேஜையைத் தட்டினார். சிபி மேலும் முப்பது நிமிடம் பேசினான். காற்றோட்டம் பற்றிப் பேசினான். மதர்போர்டின் குணநலன்களைப் பெண் பார்க்கப் போய்வந்தவன்போல விவரித்தான். கடைக்காரர்கள் பொதுவாக ஆத்மா இல்லாதவர்கள் என்று நிறுவினான். இறுதியில், தானே கட்டித் தருவதாகப் பிரேரித்தான். ராபின்சன் தலைமை வகித்துக்கொண்டே வழிமொழிந்தார். ஆனந்தபாய் பாத்திரம் கழுவப் போய்விட்டதால் அவள் நடுநிலை வகித்ததாகக் கொள்ளப்பட்டது. புத்தகத்தில் இப்படி ஏறியது: 'கணினியைச் சகோதரன் சிபி பாகங்களாக வாங்கிச் சேர்த்துக் கட்டுவதென ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. சகோதரி பின்சியின் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.'

"மூணு மணிக்கு ஆட்டம், சனிக்கெழம," என்றாள் பின்சி. "அதயும் குறிச்சு வையுங்க, மாமா."

அவர் குறித்தார்.

தமிழ்நாடு, கேரள எல்லை ஊர்க்காரர்களுக்கு ஒரு விசுவாசம் உண்டு. அதில் சபை வேற்றுமையோ சாதி வேற்றுமையோ கிடையாது. நல்ல பொருள் எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான் கிடைக்கும். இந்தப் பக்கத்துக்காரன் வேட்டி எடுக்கக் களியக்காவிளை தாண்டுவான். அந்தப் பக்கத்துக்காரன் அதே வேட்டிக்குத் திருவனந்தபுரம் பஸ் ஏறுவான். இருவரும் வழியில் பார்த்துத் தலையசைத்துக்கொள்வார்கள். சிபி இந்த விசுவாசத்தில் வளர்ந்தவன். கேபினட் என்கிற வெளிப்பெட்டி மார்த்தாண்டத்திலிருந்து வந்தது. பஸ்ஸில் அதற்கு ஜன்னலோரம் கொடுத்து அவன் நின்றுகொண்டு வந்தான். மதர்போர்டு திருவனந்தபுரம். ரேம் நாகர்கோவில். எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வளைகுடா: சித்தி மகன் லிபின் லீவில் வரும்போது, ஈச்சம்பழத்துக்கும் சோப்புக்கும் நடுவில் கொண்டுவந்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் எல்லாமே ஒரே நாட்டில் செய்யப்பட்டவை. அதைத் திருப்பிப் பார்க்க யாருக்கும் அவகாசமில்லை.

ஒவ்வொரு பாகம் வரும்போதும் மதிலுக்கு அப்பாலிருந்து சஜி எட்டிப் பார்ப்பான். சஜிக்கு டைல்ஸ் பதிக்கும் வேலை. போன ஓணத்துக்கு அவனும் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கினான்: கடையில் இருந்ததை அப்படியே. பெட்டியைப் பிரித்தான், பிளக்கைச் சொருகினான், அரை மணி நேரத்தில் திரையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தான்; அலுத்தால் ஆட, பின்சியின் அதே துப்பாக்கி விளையாட்டும் அதில் உண்டு. சிபியைப் பொறுத்தவரை சஜி நல்லவன், ஆனால் மீட்படையாதவன்.

"எலே சிபி, இது என்ன, இன்னும் எலும்பு எலும்பாத்தான் வருகா?"

"உனக்கு மனசிலாவாது சஜி. ஒவ்வொண்ணையும் நம்ம தேர்ந்தெடுக்கணும். அதாக்கும் அதுக்க சுகம்."

"நான் வீடு வீடா டைல்ஸ் ஒட்டுகேன். அதுக்காக வேண்டி மண்ணு கொழச்சு, சூள போட்டு, டைல்ஸ் சுட்டா எடுக்கேன்?"

"அதுக்க உள்ள என்ன எஸ்.எம்.பி.எஸ்.ன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது மக்கா. ஆனா ஓடுகு."

கடைசிப் பாகம் வந்து சேர்ந்தபோது போட்டிக்கு ஆறு நாள் இருந்தது.

அன்றும் ஞாயிற்றுக்கிழமைதான். வெள்ளை மேஜைவிரிப்பு விரிக்கப்பட்டது. கடைசியாக அது விரிக்கப்பட்டது ஆயர் சாப்பிட வந்தபோது. சிபி கையைக் கழுவி, முழங்கை வரைக்கும் துடைத்து, மூக்குக்கண்ணாடியையும் துடைத்தான். இந்த நிகழ்ச்சி சிபியோடு அழிந்துவிடக்கூடாது என்பதற்காக யூடியூபில் 'சிபி சிஸ்டம்ஸ்' என்று ஒரு சேனல் தொடங்கப்பட்டிருந்தது. கேமராவுக்கு ராபின்சன். அவர் போனை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டார். பிறகு பார்த்தபோது காட்சியின் கால்வாசியில் அவர் கட்டைவிரல் இருந்தது.

"வணக்கம், நமஸ்காரம், ஸ்தோத்திரம்," என்று சிபி தொடங்கினான். எந்தப் பக்கத்து ரசிகரும் விடுபட்டுவிடக்கூடாது.

பின்சி கதவோரம் நின்று பார்த்தாள். ஒவ்வொரு பாகத்தையும் அவன் எடுத்து, கேமராவுக்குக் காட்டி, அதன் பெட்டியில் எழுதியிருந்ததை வாசித்து, பொருள் கூறி, பிறகுதான் பொருத்தினான். ப்ராசசருக்கும் அதன் மேல் உட்காரும் கூலருக்கும் நடுவில் ஒரு பசை தடவ வேண்டும். சூடு அதன் வழியாக ஏறிப்போகும். அதை எப்படித் தடவுவது என்பதில் உலகம் முழுக்க வாதம் உண்டு. பட்டாணி அளவில் ஒரு சொட்டுப் போதும் என்பார் ஒருவர், நீளக் கோடு என்பார் மற்றவர், குறுக்காக என்பார் வேறொருவர்.

"சிலுவபோல போடு மக்கா," என்றது கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

சிலுவையாகவே போட்டான். கூலரை மேலே வைத்து நான்கு திருகுகளையும் முறுக்கினான். கிராபிக்ஸ் கார்டு ஏறியது. வயர்கள் ஏறின. ஐந்து மணிக்குக் கேபினட்டின் கண்ணாடிக் கதவு மூடியது.

"அந்தக் கண்ணாடியில பிளாஸ்டிக் ஒட்டியிருக்கு," என்றாள் பின்சி. "உரிச்சுப் போடுங்க, லைட்டு ஒண்ணும் தெரியாது."

மூவரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாணமாகி நான்கு வருடமாகியும் இவளுக்கு வீட்டு வழக்கம் பிடிபடவில்லையே என்ற வருத்தம் அந்தப் பார்வையில் இருந்தது.

ராபின்சன் வீட்டில் எந்தப் பொருளுக்கும் தோல் உரிப்பதில்லை. ஃப்ரிட்ஜுக்குப் பதினோரு வயது. அதன் கதவில் நீலத் தாள் இன்றும் இருக்கிறது. டிவியின் நாலு ஓரத்திலும் இருக்கிறது. ரிமோட் பாலித்தீன் உறைக்குள் வாழ்கிறது. எந்தப் பட்டன் எங்கே என்பது ஆனந்தபாயின் விரலுக்கு மட்டும் தெரியும். காரின் சீட்டில் கம்பெனி போட்ட பிளாஸ்டிக் அப்படியே கிடப்பதால், மேடமாச வெயிலில் சபைக் கோயில் வாசலில் இவர்கள் இறங்கும்போது கேட்கும் சத்தத்தை வைத்தே, ராபின்சன் குடும்பம் வந்துவிட்டது என்று உள்ளே இருப்பவர்கள் அறிந்துகொள்வார்கள். பின்சி வாழவந்த முதல் வாரத்தில் ஃப்ரிட்ஜ் தாளின் ஒரு முனையை நகத்தால் கிள்ளியிருந்தாள். ஆனந்தபாய் கஞ்சிப் பசை எடுத்து ஒட்டிவைத்தாள்.

"உரிச்ச அன்னைக்கே சாதனம் பழசு, மோளே," என்றார் ராபின்சன்.

பிறகு பிரதிஷ்டை ஜெபம். புது வீடு, புது வண்டி, புதுக் கிணற்று மோட்டார் எதுவானாலும் ஜெபிக்காமல் ஓடவிடுவதில்லை. ராபின்சன் கண்களை மூடினார். முப்பது வருடம் ஒவ்வொரு நிறுத்தமாகப் பஸ்ஸை நிறுத்தியவர். ஜெபத்திலும் எந்த நிறுத்தத்தையும் விட்டுவிடமாட்டார். மதர்போர்டுக்காக ஜெபித்தார். மின்விசிறிகளுக்காக, எண்ணிக்கை சொல்லி ஜெபித்தார். எஸ்.எம்.பி.எஸ்.ஸைச் சுமந்துவந்த லிபினின் மறுபயணத்துக்காக ஜெபித்தார். பதினோராவது நிமிடம் ஆமென் வந்தது. சிபி பட்டனை அமுக்கினான்.

பெட்டி ஏழு நிறத்தில் எரிந்தது. பிளாஸ்டிக் தாள் வழியே பார்த்தபோது, ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் கிறிஸ்துமஸ் நடப்பதுபோல இருந்தது. கைதட்டினார்கள். ஆனந்தபாய்க்குக் கண் கலங்கியது.  சிபி மதிலுக்கு அப்பால் சஜிக்குக் கேட்கும் அளவுக்கு மூச்சு விட்டான்.

பின்சி உட்கார்ந்து விளையாடத் தொடங்கினாள். பத்தாவது நிமிடத்தில் பெட்டி அணைந்தது.

"முதல் நாளாக்கும்," என்றான் சிபி.

திங்கள்கிழமை ஒன்பதாவது நிமிடத்தில் அணைந்தது. "வோல்டேஜ்" என்றான். செவ்வாய்க்கிழமை எட்டாவது நிமிடம். கடல் கோட்டுகால் ஊருக்குப் பக்கம்தான் இருக்கிறது, உப்புக்காற்று வரும் என்றான். புது மெஷினுக்கு ஒரு வாரப் பழக்க காலம் உண்டு என்றும், புது புல்லட்டை யாராவது முதல் நாளே எண்பதில் ஓட்டுவார்களா என்றும் கேட்டான். ஆனந்தபாய் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "ஆப்பம் சுடலாம்" என்றாள். அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

விளையாடினால்தான் அணைந்தது. சும்மா வைத்திருந்தால் நாள் முழுக்க எரிந்தது. ஆகவே பார்க்க வந்த உறவினர்களுக்கு சிபி அதைச் சும்மா வைத்தே காட்டினான். திரையில் ஒரு மலையும் ஏரியும் இருந்தன. எல்லோரும் மலையைப் பார்த்துவிட்டு, "கொள்ளாமே, நல்லா இருக்கே" என்று சொல்லிச் சாயா குடித்துப் போனார்கள்.

புதன்கிழமை பின்சி சொன்னாள்: "ஒரு கடைக்காரன்கிட்ட காட்டுவோம். ஒரு மணிக்கூர் வேலையாக்கும்."

"கட்டினவன் நான். இத நான் இன்னொருத்தன் கடையில கொண்டு வச்சேன்னா, நாளைக்கு பாறசாலையில நான் எப்படி நடப்பேன்?"

"நடக்காண்டாம். பஸ்ஸுல போங்க."

"ஃபார்மேட் பண்ணிப் பாக்கேன்," என்றான் சிபி.

பண்ணினான். அதன்பின் ஏழாவது நிமிடத்தில் அணைந்தது.

வெள்ளிக்கிழமை கேபினட்டின் கண்ணாடிக் கதவையே கழற்றிவைத்து, உள்ளே பார்த்தபடி ஒரு நெட்டை ஃபேனை நிறுத்தினான். பத்து நிமிடம் வந்தது. அதை வெற்றி என்று அறிவித்தான். அன்று மாலை நீது கூப்பிட்டாள்.

"சிஸ்டம் செட் ஆச்சா, அக்கா?"

பின்சி சிபியைப் பார்த்தாள். சிபி ஃபேனைப் பார்த்தான்.

"ஜெபமெல்லாம் செய்தாச்சு," என்றாள் பின்சி.

சனிக்கிழமை மூன்று மணி. மூன்று ஆட்டம், இரண்டு வென்றால் அடுத்த சுற்று. பின்சி லேபுக்கு லீவு சொல்லியிருந்தாள். பின்னால் நாற்காலி போட்டு ராபின்சனும் ஆனந்தபாயும் உட்கார்ந்தார்கள். சிபி உட்காரவில்லை. ஃபேனின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பின்சி நன்றாகத்தான் தொடங்கினாள். முதல் ஐந்து நிமிடத்தில் மூன்று பேரை வீழ்த்தினாள். எதிரி வரும்போதே அவளுக்குத் தெரிந்தான். அவன் சாயா குடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. சிபி அப்பாவைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். ஒன்பதாவது நிமிடத்தில் திரை கறுத்தது.

"பின்சியக்கா? பின்சியக்கா?" என்று மேஜையில் இருந்த போனில் நீது கத்தினாள்.

மறுபடி அமுக்கி, எழுப்பி, உள்ளே போவதற்குள் அணி இரண்டு மோதல்களை இழந்திருந்தது. ஐந்து நிமிடம் போனது. திரை மறுபடி கறுத்தது. ஏழு நிறங்களும் ஒன்றாக அணைந்தன. ஃபேன் மட்டும் ஓடியது.

"இந்த வோல்டேஜ்..." என்று தொடங்கினான் சிபி.

"ஃபேன் ஓடுகு," என்றாள் பின்சி.

ராபின்சனுக்கு எழுந்து ஜெபிக்கலாமா என்ற யோசனை வந்தது. ஆனந்தபாய் அவர் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். முதல் ஆட்டம், நான்கு பேரோடு ஆடி, செக்போஸ்ட் தோற்றது. இரண்டாம் ஆட்டத்துக்கு இடைவெளி பத்து நிமிடம்.

பின்சி ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டினாள். மவுசைப் பிடுங்கிக் கையில் எடுத்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"எங்க போற?" என்றான் சிபி.

"ரெடிமேடுக்கு."

சஜி அப்போது லுங்கியோடு கார் ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் வந்து நின்றதைக் கண்டதும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்தான். மதிலைத் தாண்டி வந்த சிபியிடம் மட்டும் கேட்டான்: "எஸ்.எம்.பி.எஸ். பாக்கணுமா? எனக்குத் தெரியாது கேட்டியா, தொறந்து பாத்ததில்ல."

 தன் வாழ்க்கையில் சிபி ஒரு ரெடிமேட் கணினியின் பின்னால் நின்று, அது அணையக்கூடாது என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை. வேண்டிக்கொண்டபோதே, அணைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் ஒரு பக்கத்தில் தோன்றியது. இரண்டும் நேர்மையான வேண்டுதல்கள்.

அது அணையவில்லை. இரண்டாம் ஆட்டத்தைச் செக்போஸ்ட் வென்றது. மூன்றாவதில் தோற்றது, மிகக் குறைந்த வித்தியாசத்தில். தோற்றது நன்றாகச் சுடத் தெரிந்தவர்களிடம். கறுத்துப்போன திரையிடம் அல்ல.

"அக்கா, அடுத்த வருசமும் நீங்கதான்," என்றாள் நீது. "வேற ஆளெல்லாம் தேட மாட்டேன். ஆனா மொதல் ஆட்டத்துல என்ன நடந்துது?"

"பழக்க காலமாம்," என்றாள் பின்சி.

மறுநாள் கோயிலிலிருந்து வந்து, காரின் சீட்டிலிருந்து தன்னை உரித்துக்கொண்டு இறங்கி, பின்சி நேராகக் கம்ப்யூட்டரிடம் போனாள். சிபி சபையில் வாலிபர் கூட்டத்துக்கு நின்றுவிட்டான். அவள் ஸ்க்ரூ டிரைவர் எடுத்தாள். ரத்தக்குழாய் தேடிப் பழகிய விரல்கள்; அவசரம் இல்லை. நான்கு திருகுகளையும் கழற்றி, கூலரை மெல்லத் தூக்கித் திருப்பினாள்.

சிலுவை அழகாக அழுந்திப் பரவியிருந்தது. ஆனால் அது கூலரின் மேல் இல்லை. கூலரின் அடியில் ஒட்டியிருந்த ஒரு பிளாஸ்டிக் தாளின் மேல் இருந்தது.

பின்சி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நகத்தால் ஒரு முனையைக் கிள்ளி உரித்தாள். இந்த வீட்டில் ஒரு தாள் முழுசாக உரிந்து வருவது அதுவே முதல் தடவை. அந்தச் சத்தம் கேட்டு ஆனந்தபாய் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பின்சி லேபிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பிரிட்டால் பழைய பசையைத் துடைத்து, மீதியிருந்த பசையில் பட்டாணி அளவுக்கு ஒரு சொட்டு வைத்து, கூலரை மாட்டினாள். சாப்பாட்டு நேரம்வரை விளையாடினாள். அணையவில்லை. ஆனந்தபாய் வந்து பெட்டியின் மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"பச்சத் தண்ணிபோல கெடக்கு," என்றாள். "என்ன செய்த?"

"ஒண்ணுமில்ல மாமி. தோலு உரிச்சேன்."

உரித்த தாளைத் துடைத்து, ஃப்ரிட்ஜ் கதவில், பதினோரு வருட நீலத் தாளின் மேல், காந்தம் வைத்து மாட்டினாள். சாப்பிட வந்த சிபி தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனான். கை பிடியில் நின்றது. தாளைப் பார்த்தான். பின்சியைப் பார்த்தான். அவள் சோற்றுக்கு மீன்குழம்பு விட்டுக்கொண்டிருந்தாள்.

"இப்ப அணையுகதில்லியாக்கும்?" என்றான்.

"இல்ல."

"நான் சொன்னேன் இல்லியா, ஒரு வாரம் ஆவும்னு," என்றான் சிபி. தண்ணீர் எடுக்காமலே போய் உட்கார்ந்தான்.

அந்த வாரம் ராபின்சன் புத்தகத்தில், சகோதரன் சிபி கட்டிய கணினி நல்ல முறையில் இயங்குவதற்காக நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஒன்று ஏகமனதாக நிறைவேறியது. டீக்கடையில் மனித குலம் முன்போலவே இரண்டாகப் பிரிந்து கிடந்தது. சேனலில் ஏற்றிய வீடியோவைப் பற்றி சிபி மட்டும் ஏனோ அதிகம் பேசுவதை விட்டுவிட்டான்.

வீடியோ இப்போதும் இருக்கிறது. அறுபத்திரண்டு பேர் பார்த்திருக்கிறார்கள். அதன் எழுபத்தி நாலாவது நிமிடத்தில் சிபி கூலரைத் திருப்பி, அடியில் இருக்கும் தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்து, அதில் சிவப்பில் எழுதியிருக்கும் 'பொருத்தும் முன் உரிக்கவும்' என்ற வாசகத்தை முதலில் ஆங்கிலத்திலும், பிறகு தமிழிலும், பிறகு மலையாளத்திலும் உரக்க வாசிக்கிறான்.